வீட்டுக் கடன் தவணை தவறினால்: நோட்டீஸ் ஒட்டப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை



சென்ற ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு, அஸர் தொழுகை முடிந்து ஒரு சகோதரர் நம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஐந்தாறு பதிவுத் தபால்கள். நான்கு உறைகள் பிரிக்கப்படவே இல்லை. "பிரிச்சுப் பார்க்கவே பயமா இருந்துச்சு பாய்" என்றார். பையின் அடியில் நான்காக மடித்த ஒரு தாள். அவர் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டிருந்ததைக் கிழித்து எடுத்து வந்திருந்தார். அது ஏல அறிவிப்பு. பத்திரிகையிலும் வந்துவிட்டது.

அவர் முதல் தவணையைத் தவறவிட்டு அப்போது ஏறத்தாழ ஒரு வருடம் ஆகியிருந்தது. முதல் மூன்று மாதத்தில் வந்திருந்தால் நான்கு வழிகள் இருந்தன. முதல் நோட்டீஸ் வந்ததும் வந்திருந்தால் மூன்று. ஏல அறிவிப்புக்குப் பின் எஞ்சியது வழக்கு ஒன்றுதான், அதுவும் பலவீனமான வழக்கு. ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "வட்டிக்கு வாங்கின கடன். ஜமாஅத்துல எப்படி வந்து சொல்றது?"

அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை. வட்டி ஹராம் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் வட்டிக் கடனில் சிக்கியவர் நம்மிடம் வரவே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. சூரா அல்பகராவில் வட்டியைத் தடுக்கும் வசனங்களை அடுத்தே 280ஆம் வசனம் வருகிறது. கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் வசனம் அது. விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்றும் சொல்கிறது. வட்டியைக் கண்டித்த கையோடு கடனாளியின் சிரமத்தைப் பேசும் வரிசை அது. நம் மஹல்லாக்களில் முதல் பாதியைப் பற்றி பயான் நிறையக் கேட்கிறோம். இரண்டாம் பாதியைப் பற்றிக் கேட்பது குறைவு.

இனி விஷயத்துக்கு வருவோம்.

தவணை ஒன்று தவறினால் உடனே வீடு போய்விடாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, நிலுவை 90 நாட்களைத் தாண்டினால்தான் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிறது. வங்கி ஊழியர்கள் இதை 'என்.பி.ஏ.' என்பார்கள். இந்த 90 நாட்கள்தான் உங்கள் கையில் இருக்கும் பொன்னான காலம். இதற்குள் கிளை மேலாளரை நேரில் பார்த்து, வருமானம் ஏன் குறைந்தது என்பதை எழுத்தில் கொடுத்து, கடனை மறுசீரமைக்கக் கேட்க வேண்டும். வேலை போன கடிதம், மருத்துவமனை பில், கடை மூடிய ஆதாரம் எது இருந்தாலும் இணைக்கலாம். மனுவின் நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. மேலாளர் மாற்றலாகிப் போனால் அந்தப் பேச்சும் அவரோடு போய்விடும்.

90 நாள் தாண்டிய பிறகு ஒரு தவணை மட்டும் கட்டினால் கணக்கு சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாக்கிவிட்டது. நிலுவை அசல், வட்டி முழுவதையும் கட்டினால்தான் அது வாராக்கடன் பட்டியலிலிருந்து வெளியே வரும். ஆகவே மூன்றாவது மாதம் முடிவதற்குள் புரட்டும் பத்தாயிரம், ஆறாவது மாதம் புரட்டும் முப்பதாயிரத்தைவிடப் பயன் தரும்.

மறுசீரமைப்பு என்றால் என்ன, அதன் விலை என்ன என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் மாதத் தவணையில் 14,167 ரூபாய் வட்டிக்குப் போகிறது, அசலில் கழிவது 3,189 மட்டும். ஐந்து வருடத்தில் பத்து லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். அசல் குறைந்திருப்பதோ சுமார் 2 லட்சத்து 38 ஆயிரம்தான். (இந்தக் கணக்கை வீடு வாங்கும் முன் யாராவது போட்டுக் காட்டியிருந்தால் பாதிப்பேர் வாங்கியிருக்க மாட்டோம்.)

இப்போது கஷ்டம் வருகிறது. மீதமுள்ள 15 வருடத்தை மறுபடி 20 வருடமாக நீட்டித் தருகிறோம் என்கிறது வங்கி. தவணை சுமார் 15,300 ஆகும். மாதம் இரண்டாயிரம் ரூபாய் குறைகிறது. அதற்காகக் கடைசியில் கூடுதலாகக் கட்டப்போவது ஐந்தரை லட்சம் அளவுக்கு. இன்னொரு வழி, ஆறு மாதம் தவணையே வேண்டாம் என்று வங்கி விடுவது. அந்த ஆறு மாத வட்டி சுமார் 75,000 அசலோடு சேரும். பிறகு பழைய தவணையையே கட்டிக்கொண்டு போனால், முடிவில் ஏறத்தாழ 16 தவணைகள் அதிகம் கட்ட வேண்டியிருக்கும். ஆறு தவணை கட்டாததற்கு விலை 16 தவணை!

கொரோனாவின்போது நடந்ததும் இதுதான். 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மார்ச் முதல் மே வரை மூன்று மாத அவகாசம் அறிவித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. அது இலவச அவகாசம் என்று நம்மில் பலர் நினைத்துவிட்டோம். வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று மட்டும் 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவகாசக் காலத்தின் சாதாரண வட்டியைத் தள்ளுபடி செய்ய அது மறுத்துவிட்டது.

இதைச் சொல்வது மறுசீரமைப்பே வேண்டாம் என்பதற்காக இல்லை. வீடு கையை விட்டுப் போவதைவிட அது மேல். வருமானம் திரும்பியதும் கையில் கிடைக்கும் தொகையை அசலில் கட்டிவிடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மாறும் வட்டியில் தனிநபர்கள் சொந்தத் தேவைக்கு வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கியோ நிதி நிறுவனமோ அதற்கு அபராதம் வாங்கக் கூடாது. தாமதத்துக்கான தண்டத் தொகையை வட்டியாகப் போட்டு அசலில் சேர்ப்பதும் 2024 முதல் கூடாது. உங்கள் கணக்கு அறிக்கையை வாங்கி இந்த இரண்டையும் பாருங்கள். வட்டி விகிதம் மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களைக் கேட்க வேண்டும் என்பதும் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் இருக்கிறது. பெரும்பாலும் கேட்காமலே காலத்தை நீட்டிவிடுகிறார்கள்.

90 நாட்களும் கடந்துவிட்டால் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் வருகிறது. இந்தச் சட்டப்படி வங்கி சிவில் கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை எடுத்து விற்கலாம். அதனால் ஒவ்வொரு தாளும் எதைச் சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வருவது 13(2) நோட்டீஸ். மொத்தக் கடனையும் 60 நாளில் கட்டு என்று கேட்கும். இதற்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தெரிவித்தால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். கட்டிய தொகை கணக்கில் வரவில்லை, தண்டம் தவறாகப் போடப்பட்டுள்ளது, இத்தனை மாதத்தில் நிலுவையைக் கட்டுகிறேன் என எதைச் சொல்ல வேண்டுமோ அதை இங்கே சொல்லுங்கள். பிற்பாடு தீர்ப்பாயத்துக்குப் போனால் முதலில் பார்ப்பது இந்தப் பதிலைத்தான். மஞ்சள் பைச் சகோதரர் பிரிக்காமல் வைத்திருந்த உறைகளில் ஒன்று இது.

60 நாள் கழிந்தபின் 13(4) நடவடிக்கை. சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டுவார்கள், ஒரு தமிழ்ப் பத்திரிகை உட்பட இரண்டு பத்திரிகையில் போடுவார்கள். இது பெரும்பாலும் காகிதத்தில் எடுக்கும் சுவாதீனம். அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. உங்களை வெளியேற்ற வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ அவர்கள் உத்தரவு பெற வேண்டும். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்களில் இருப்பவர்களுக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். இந்த நடவடிக்கையிலிருந்து 45 நாட்களுக்குள் சென்னையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். அந்த முதல் மனுவுக்குக் கடன் தொகையில் எந்தப் பங்கையும் முன்பணமாகக் கட்டச் சட்டம் கேட்கவில்லை. மேல்முறையீட்டுக்குத்தான் கேட்கிறது. 45 நாளை விட்டுவிடாதீர்கள்.

அதற்குப் பின் ஏல அறிவிப்பு. நிலுவையைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை இந்த ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2016க்கு முன்பு விற்பனை முடியும் வரை அவகாசம் இருந்தது. திருத்தத்துக்குப் பின் இல்லை. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. "ஏலத்தன்னைக்குப் பணத்தோட போய் நின்னா போதும், தடுத்துடலாம்" என்று டீக்கடையில் சொல்லும் ஆலோசனை பழைய சட்டம்.

கடனில் பெரும்பகுதி கட்டி முடித்தவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. மீதமுள்ள பாக்கி, அசலும் வட்டியும் சேர்த்த தொகையில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. இது தெரியாமல் பயந்து, முடியும் தறுவாயில் உள்ள கடனுக்காக நகையை அடிமாட்டு விலைக்கு விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வங்கியோடு பேசித் தீர்க்க இன்னும் இரண்டு வழிகள். ஒன்று, ஒருமுறைத் தீர்வு. வட்டியின் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு மீதியை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். இதை உரிமையாகக் கேட்க முடியாது, வங்கி மனது வைத்தால்தான். சிபிலில் 'செட்டில்டு' என்று விழும், அடுத்த கடன் கிடைப்பது கடினம். நம்மைப் பொறுத்தவரை அடுத்த வட்டிக் கடன் கிடைக்காமல் போவதில் பெரிய நஷ்டம் இல்லை என்பது என் எண்ணம். இரண்டாவது, மக்கள் நீதிமன்றம். அங்கே கையெழுத்திட்ட தீர்வுக்கு அப்பீல் கிடையாது. அதனால் அவசரத்தில் முடியாத தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இலவச சட்ட உதவி வேண்டுமானால் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி உண்டு. கடன் மனைவி பெயரிலும் சேர்ந்திருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்கவும்.

வீட்டை நீங்களே விற்பதும் ஒரு வழிதான். ஏலத்தில் போகும் விலைக்கும், நீங்கள் ஆள் பார்த்து வங்கியின் சம்மதத்தோடு விற்கும் விலைக்கும் பல லட்சம் வித்தியாசம் வரும். முடிச்சூரிலோ ஊரப்பாக்கத்திலோ விற்றுவிட்டு, கடனை அடைத்து, மிச்சப் பணத்தோடு வாடகை வீட்டில் நிம்மதியாகத் தூங்குபவர்கள் நம் ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள். கடன் முழுவதும் அடைந்தபின் 30 நாளில் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும்.

வங்கி மேல் குறை இருந்தால் முதலில் வங்கிக்கே எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆனால் உங்களுக்குக் கடன் கொடுத்தது வீட்டுவசதிக் கடன் நிறுவனம் என்றால் புகார் போக வேண்டிய இடம் தேசிய வீட்டுவசதி வங்கி. இதில் பலர் தவறான கதவைத் தட்டிவிட்டு மாதங்களை இழக்கிறார்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. குழு லோன் எடுத்த நம் சகோதரிகளுக்கு அந்த நேரம் இன்னும் குறுகியது, காலை 9 முதல் மாலை 6 வரைதான். எல்லாக் கடன் தவணையும் சேர்த்துக் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி குழு லோன் கொடுக்கவும் கூடாது.

இப்போது கஷ்டத்தில் இருக்கும் வீட்டுக்காரர்கள் அதிகம் செய்யும் ஒரு தவறு. வங்கித் தவணை கட்ட வழியில்லாமல், அதே வீட்டையோ மாடியையோ ஏழெட்டு லட்சத்துக்கு லீசுக்கு, அதாவது போக்கியத்துக்கு, விட்டுவிடுகிறார்கள். 13(2) நோட்டீஸ் வந்தபின் வங்கி சம்மதம் இல்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ சட்டம் தடுக்கிறது. அதைவிடப் பெரியது, லீசுக்கு வந்த குடும்பத்துக்கு நேரும் அநியாயம். வங்கி வீட்டை எடுத்தால் அவர்கள் வெளியே. கொடுத்த லட்சங்களை, ஏற்கெனவே நொடித்துப்போனவரிடம்தான் கேட்க வேண்டும். மகள் நிக்காஹுக்குச் சேர்த்த பணத்தை இப்படி இழந்த குடும்பம் ஒன்று இன்னும் எங்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. லீசுக்குப் போகிறவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரம் வங்கியில் வைக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். ஆன்லைனிலும் பார்க்கலாம், அரை மணி நேர வேலை.

மார்க்க ரீதியாகவும் இதில் பேச்சு இருக்கிறது. முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்றால் அது கடன். கடன் கொடுத்ததற்காக வாடகை இல்லாமல் குடியிருப்பது அந்தக் கடனால் வரும் ஆதாயம். அதனால்தான் ஆலிம்கள் இதை ஆட்சேபிக்கிறார்கள். அட்வான்ஸ் அதிகம், வாடகை நியாயமாக ஒரு தொகை என்று மாற்றிக்கொள்வதில் கூட நிபந்தனைகள் உண்டு. உங்கள் இமாமிடம் கேட்டுச் செய்யுங்கள்.

வங்கித் தவணைக்காகத் தண்டல் வாங்குவது இன்னும் ஆபத்து. பத்தாயிரம் என்று பெயர், கையில் 8,500. தினம் நூறு வீதம் நூறு நாள். நாளுக்கு நாள் பாக்கி குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் எடுத்தால் இது ஆண்டுக்கு 125 சதவீதத்துக்கு மேல் வட்டி. 8.5 சதவீதக் கடனை அடைக்க 125 சதவீதக் கடன்! கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. பிடுங்கிய சொத்தைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போகவும் அதில் வழி உண்டு. மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயங்குபவர்கள் எங்களிடம் சொல்லுங்கள், உடன் வருகிறோம்.

இனி நம் பங்கு. சூரா அத்தவ்பாவின் 60ஆம் வசனம் ஜகாத் பெறும் எட்டு வகையினரைச் சொல்லும்போது கடன்பட்டவர்களையும் சேர்த்திருக்கிறது. ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அவருக்கு மூன்று தீனார் கடன் இருக்கிறது, அடைக்க எதுவும் விட்டுச் செல்லவில்லை என்று அறிந்த ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள், நீங்கள் தொழவையுங்கள் என்று தோழர்களிடம் சொல்லிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். பின்னால் வெற்றிகளும் செல்வமும் வந்தபோது, கடனோடு இறக்கும் மூமின்களின் கடனைத் தாமே ஏற்பதாக அறிவித்தார்கள். பலர் இதில் முன்பாதியை மட்டும் சொல்லிக் கடனாளியைப் பயமுறுத்துகிறார்கள். அபூகதாதாவின் இடத்தில் நிற்க வேண்டியது யார் என்று கேட்பதில்லை.

ஜகாத் கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்று: "அவர் எனக்கு இருபதாயிரம் தரணும். அதையே ஜகாத்தா கழிச்சுக்கலாமா?" ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் பெரும்பாலான ஆலிம்கள் இது ஜகாத்தாகாது என்கிறார்கள். ஜகாத் தகுதியுள்ளவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவர் கைக்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு நிபந்தனை எதுவும் இல்லாமல் அவராக உங்கள் கடனை அடைத்தால் வாங்கிக்கொள்வதில் தடையில்லை. குடியிருக்கும் வீடு இருப்பதாலேயே ஒருவர் ஜகாத் பெறத் தகுதியில்லை என்பதும் சரியல்ல. குடியிருக்கும் வீடு அடிப்படைத் தேவை. அவருடைய கடனும் மற்ற சொத்தும் பார்த்து இமாம் சொல்வார்.

ஜகாத் வாங்க மனம் ஒப்பாதவர்களுக்கு அழகிய கடன் இருக்கிறது. லாகூரில் 2001இல் தொடங்கிய அகுவத் அமைப்பு பள்ளிவாசல்களில் வைத்து வட்டியில்லாக் கடன் கொடுத்தே இன்று பெரிதாக வளர்ந்திருக்கிறது. நம் நிதி சிறியது. வீட்டுக் கடன் முழுவதையும் அடைக்க நம்மால் முடியாது. ஆனால் 90 நாள் தாண்டாமல் காப்பாற்ற இரண்டு மூன்று தவணைத் தொகை போதும். அந்த அளவுக்கு முடிகிறது, அல்ஹம்துலில்லாஹ். இதுவும் கடன் என்பதால் 282ஆம் வசனம் சொல்கிறபடி எழுதி, சாட்சி வைத்துத்தான் கொடுக்கிறோம். "நம்ம ஆளுக்குள்ள எதுக்கு பாய் பத்திரம்" என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்பட்டாலும் எழுதுவோம். கணவரை இழந்த, ஆதரவற்ற சகோதரிகள் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்திலும் விண்ணப்பிக்கலாம், படிவம் நிரப்ப உதவுகிறோம்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் வருபவர்கள் கடன் ஒப்பந்தம், கடைசி ஒரு வருடக் கணக்கு அறிக்கை, வங்கியிலிருந்து வந்த எல்லாத் தபால்கள் ஆகியவற்றைக் கொண்டு வரவும். பிரிக்காத உறைகள் இருந்தால் அப்படியே கொண்டு வாருங்கள். இங்கே உட்கார்ந்து சேர்ந்து பிரித்துப் படித்துக்கொள்ளலாம். யார் வந்தார், எவ்வளவு கடன் என்பது இந்த அறையைத் தாண்டாது.